எல்லை தாண்டும் தடம்: கம்பம் பள்ளத்தாக்கை வைத்து ஒரு கணக்கு

முல்லைப்பெரியாறு அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி தேக்கடி மதகைத் திறப்பது வழக்கம். முதல் போகத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, மொத்தம் 120 நாள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் இந்த எண்களை யாரும் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

விநாடிக்கு 200 கன அடி என்பது ஒரு நாளைக்கு சுமார் 4 லட்சத்து 89 ஆயிரம் கன மீட்டர். 120 நாளுக்கு ஏறக்குறைய 5.87 கோடி கன மீட்டர், அதாவது இரண்டு டி.எம்.சி.க்குச் சற்று மேல். இதை 14,707 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் வருகிறது. அத்தனையும் ஒரே நாளில் வயலில் நின்றால் ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். ஏக்கருக்கு 2,500 கிலோ நெல் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ நெல்லுக்கு 1,600 லிட்டர். அரவையில் 65 சதவீதம் அரிசி கிடைக்கும் என்று எடுத்தால் ஒரு கிலோ அரிசிக்கு 2,460 லிட்டர். மழையும் கிணற்றுத் தண்ணீரும் இதில் சேரவில்லை.

மனிதர்கள் பூமியில் பதிக்கும் சூழலியல் தடம் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட எளிய பெருக்கலில்தான் வந்து நிற்கிறது. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு விளைந்தது, யார் சாப்பிட்டார்கள் என்ற மூன்றில் முதல் இரண்டையும் ஓரளவு கணக்கிடுகிறோம். மூன்றாவதை விட்டுவிடுகிறோம். கேரள எல்லையில் இருக்கும் ஊர்களுக்கு மிக முக்கியமானது அந்த மூன்றாவது கேள்விதான்.

நிலக்கணக்கும் அதன் ஓட்டைகளும்

சூழலியல் தடம் என்ற அளவை 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தியாஸ் வாக்கர்நாகலும் உருவாக்கினார்கள். ஒருவர் உண்பது, உடுப்பது, எரிப்பது எல்லாவற்றையும் அதற்குத் தேவையான நிலப்பரப்பாக மாற்றிச் சொல்லும் முறை அது. பயிர்நிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடிப் பரப்பு, கட்டடம் எழுந்த நிலம், எரிபொருள் புகையில் வரும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காடு என ஆறு வகை. எல்லா நிலமும் ஒரே வளமுடையது இல்லையே என்பதால், உலகச் சராசரி வளமுள்ள ஒரு ஹெக்டேரை அலகாக வைத்துக்கொண்டு அதற்கு 'உலக ஹெக்டேர்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கணக்கில் பூமி ஒருவருக்குத் தரக்கூடியது ஏறக்குறைய 1.5 உலக ஹெக்டேர். உலக மக்கள் சராசரியாகப் பயன்படுத்துவது 2.6. இந்தியரின் சராசரி 1.2 அளவில்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டு நிலமும் நீரும் ஒருவருக்குத் தரக்கூடியது 0.4தான். ஆண்டுக் கணக்கில் பூமியின் வரவு தீர்ந்துபோகும் நாளை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். 2025இல் அது ஜூலை 24.

இந்த அளவை ஒரு எச்சரிக்கை மணியாக மதிக்கலாம். ஒரு வயலை, ஒரு வீட்டைத் திருத்த இது மட்டும் போதாது. காரணம் இருக்கிறது. உலகத் தடத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கரியமில வாயுவுக்கான கற்பனைக் காடு. பயிர்நிலக் கணக்கிலோ, விளைந்ததும் பயன்பட்டதும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும்படியே சூத்திரம் அமைந்திருக்கிறது. மண் செத்துக்கொண்டிருந்தாலும் அதில் தெரியாது. யூரியாவைக் கொட்டி விளைச்சலைக் கூட்டினால் நிலம் தரக்கூடியது கூடியதாகவே காட்டும். தண்ணீர் கணக்கில் இல்லை. மீத்தேன் இல்லை. பூச்சிமருந்து ஓடையில் கலப்பதும் இல்லை. அதனால் நிலம், நீர், வாயு மூன்றையும் தனித்தனி ஏட்டில் எழுதுவதே சரி. ஒன்றில் மிச்சம் பிடித்து இன்னொன்றில் செலவழிப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

2009இல் யோஹான் ராக்ஸ்ட்ரோம் தலைமையிலான அறிவியலாளர்கள் பூமிக்கு ஒன்பது எல்லைகளை வரையறுத்ததும் இதே காரணத்தால்தான். காலநிலை, நன்னீர், தழைச்சத்தும் மணிச்சத்தும் சுழலும் அளவு, உயிர்ப்பன்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. அவற்றுள் ஆறு மீறப்பட்டதாக 2023இலும், ஏழாவதாகக் கடல் அமிலமாவது சேர்ந்ததாக 2025இலும் மதிப்பிட்டார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் ஏற்பட்ட 999 ஆண்டு ஒப்பந்தப்படி, மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வருகிறது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் முடிந்தது. அணையில் நீரை 136 அடி வரை தேக்குவதா 142 அடி வரையா என்ற வழக்கில் 2006லும் 2014லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரு மாநிலமும் இன்றுவரை பேசுவது அணைக்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றியே.

அந்தத் தண்ணீர் விளைபொருளுக்குள் மறைந்து திரும்ப மலையேறுகிறது. டோனி ஆலன் என்ற ஆய்வாளர் 1990களில் இதற்கு 'மறைநீர்' என்ற கருத்தை முன்வைத்தார். ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002இல் அதை, ஒரு பொருளை உருவாக்கச் செலவாகும் நீரைச் சொல்லும் நீர்த்தடம் என்ற அளவாக வளர்த்தார். உலகச் சராசரியில் ஒரு கிலோ வாழைப்பழத்துக்கு 790 லிட்டர். சின்னமனூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பத்து டன் வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரி குமுளி சோதனைச் சாவடியைத் தாண்டினால், இந்தச் சராசரிப்படி அதனுடன் 79 லட்சம் லிட்டர் தண்ணீர் போகிறது. மேலே கணக்கிட்ட நெல்வயலில் இரண்டு ஏக்கருக்கு ஒரு போகம் முழுதும் பாய்ச்சும் அளவு அது.

இந்த இடத்தில் ஒரு கவனம் வேண்டும். 790 லிட்டரில் 660 மழைநீர், மண்ணில் தங்கிச் செடி குடித்தது. 97தான் ஆறு, குளம், கிணற்றிலிருந்து எடுத்தது. மீதி 33 லிட்டர், உரக் கழிவை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் அளவு. இது உலகச் சராசரி. மழை கொட்டும் நாட்டு வாழையும் இதில் சேர்ந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. குமுளியில் சோவென்று பெய்யும்போது கீழே கூடலூரில் தூறல்தான் விழும். ஆகவே இங்கே விளையும் வாழையில் பாசன நீரின் பங்கு உலகச் சராசரியைவிட மிக அதிகம். நீர்த்தட எண்ணை யாராவது சொன்னால் மழைநீர் எவ்வளவு, பாசன நீர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். பிரிக்காத எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வைக்கோலும் அப்படித்தான் போகிறது. அறுவடை முடிந்ததும் கட்டுக்கட்டாகக் கேரள மாட்டுக்கொட்டகைகளுக்கு ஏறுகிறது. ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. பணம் வருகிறது, சத்து போகிறது. அந்த இழப்பைப் பொட்டாஷ் மூட்டையாக வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். இந்தியாவில் பயன்படும் பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி.

கேரளத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதன் மறுபாதி தெரியும். 1970களின் நடுவில் அங்கே ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. சோறு உண்பது நிற்கவில்லை. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் விளைந்து போகிறது. ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2001இலும், நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்க 2008இலும் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் வீடு கட்டுவது குறையவில்லை என்பதால், ஜல்லியும் எம்-சாண்டும் குமுளி, கம்பம்மெட்டு, புளியரை வழியாக எல்லை தாண்டுகின்றன. பாறை உடைவது இந்தப் பக்கம், வீடு எழும்புவது அந்தப் பக்கம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் திரும்ப லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டது. அந்தச் செய்தி எல்லோருக்கும் கோபத்தைத் தந்தது. ஜல்லி லாரியும் அதே தரத்து விஷயம்தான், நாற்றம் இல்லாததால் பேசப்படுவதில்லை.

இதைக் கேரளத்தார் மீதான குற்றச்சாட்டாக யாரும் எடுக்க வேண்டாம். தமிழ்நாடும் பெரியாற்று நீரை வாங்கிக்கொள்கிறது, இடுக்கி ஏலத்தோட்டக் கூலியை வாங்கிக்கொள்கிறது. அளக்கும் முறையில்தான் பிழை. விளைந்த இடத்தின் பேரில் எழுதினால் கேரளத்தின் தடம் சிறுத்துக் காட்டும், தேனி மாவட்டத்தின் தடம் வீங்கிக் காட்டும். நுகர்ந்தவர் பேரில் எழுதினால் இரண்டும் சரியாகும். விடியும் முன் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஜீப் போகவர 60 கிலோமீட்டர் ஓடி ஐந்து லிட்டர் டீசல் குடித்தால், சுமார் 13 கிலோ கரியமில வாயு. பத்துப் பேர் பயணித்தால் ஆளுக்கு 1.3 கிலோ. அதை அந்தப் பத்துத் தொழிலாளர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அந்த ஏலக்காயை வாங்கிப் பாயசத்தில் போடுகிறவர் கணக்கில் அது ஏற வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காயை ஒரு கிலோ ஏலக்காயாக உலர்த்தும் ஸ்டோரில் எரியும் விறகும் அவருடையதே.

வீட்டுக் கணக்கைப் போடும் முறை

மின்சாரம் முதலில். மின் அட்டையில் இருக்கும் யூனிட் இரண்டு மாதத்துக்கானது. இதை மாதக் கணக்காக எடுத்துப் பன்னிரண்டால் பெருக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆறால் பெருக்க வேண்டும். இன்னொன்று, இலவசமாகக் கழிக்கப்படும் 100 யூனிட்டையும் சேர்த்து எழுத வேண்டும். கட்டணம் இல்லை என்பதால் நிலக்கரி எரியாமல் இருந்துவிடாது. ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ கரியமில வாயு என்று போடலாம். இந்திய மின்தொகுப்பின் சராசரியை ஒட்டிய எண் இது. குமுளிக்காரர் "எங்களுக்கு இடுக்கி நீர்மின்சாரம்" என்று சொல்லி இதைக் குறைக்க முடியாது. 2013 டிசம்பர் 31இல் தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்புடன் இணைந்துவிட்டது. கேரளம் தன் மின்தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது.

14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7. நான்கு பேர் வீட்டில் இரு மாதத்துக்கு 300 யூனிட், ஆண்டுக்கு எட்டு சிலிண்டர், மாதம் 15 லிட்டர் பெட்ரோல், 25 கிலோ அரிசி என்று வைப்போம். மின்சாரம் 1,296, எரிவாயு 336, பெட்ரோல் 414. அரிசி விளைந்த வயலில் எழும் மீத்தேனின் பங்கு (விளக்கம் அடுத்த பகுதியில்) கிலோவுக்கு 0.63 வீதம் 189. மொத்தம் 2,235 கிலோ, தலைக்கு 560 கிலோ. இந்தியச் சராசரியோ எரிபொருள் புகையில் மட்டும் தலைக்கு ஏறக்குறைய 2 டன். மீதி எங்கே என்றால் கம்பி, சிமெண்ட், ரயில், லாரி, தொழிற்சாலை, அரசுக் கட்டடம், மருத்துவமனை எல்லாவற்றிலும் இருக்கிறது. வீட்டுக்குள் கண்ணில் படுவது கால்பங்கு அளவே. ஆகவே வீட்டுக் கணக்கு தேவை, அது மட்டும் போதும் என்று நினைப்பதுதான் தவறு.

இரண்டு விஷயங்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டும். ஒன்று விமானம். கொச்சியிலிருந்து துபாய் போய்த் திரும்பினால் ஒருவருக்கு ஏறக்குறைய அரை டன். அந்த வீட்டில் எட்டு சிலிண்டர் எரித்ததைவிட அதிகம். மற்றொன்று ஏ.சி. வாயு. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். சர்வீஸுக்கு வருபவர் பழைய வாயுவைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பினால், அந்த வீடு ஓராண்டுக்கு மேல் எரித்த மின்சாரத்துக்கு இணையான கேடு பத்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது. பழைய வாயுவை உருளையில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். குறைக்கிறவர்கள் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் தொடங்கி அங்கேயே நின்றுவிடாமல், எண்ணில் பெரியதிலிருந்து தொடங்கினால்தான் பலன் இருக்கும்.

வயலில் குறைப்பது

பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை பெரிய எண் நெல்வயலில்தான். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறி வெளியே வருகிறது. பன்னாட்டுக் காலநிலைக் குழு, தெற்காசிய வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று தருகிறது. 110 நாள் நீர் நின்றால் ஹெக்டேருக்கு 93 கிலோ. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 27 மடங்கு வெப்பமூட்டும். ஆக ஏக்கருக்கு ஒரு போகத்தில் ஒரு டன்னுக்குச் சமம்.

இதைக் குறைக்கும் வழி காய்ச்சலும் பாய்ச்சலும்தான். போகத்தில் பலமுறை வயலைக் காயவிட்டால் மீத்தேன் 0.55 மடங்காகக் குறையும், ஒரே முறை காயவிட்டால் 0.71. பலமுறை காயவிட்டால் ஏக்கருக்கு 460 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான மிச்சம். ஆனால் காற்று புகுந்த வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து போடுகிற வயலில் அந்தக் கூடுதல் ஏறக்குறைய 50 கிலோவுக்குச் சமம். அதைக் கழித்தாலும் 400 கிலோவுக்கு மேல் நிகர லாபம்.

செய்முறை கடினம் இல்லை. நான்கு அல்லது ஆறு அங்குல பிவிசி குழாயில் 40 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் 20 சென்டிமீட்டரில் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளைப் பகுதி முழுக்க மண்ணுக்குள் போகும்படி இறக்கி, குழாய்க்குள் இருக்கும் சேற்றை அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். வயலில் நீர் நிற்கும்போது உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி வைக்க வேண்டும். நடவு முடிந்து இரண்டு வாரம், களை அதிகமென்றால் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலைத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் காயவிடக் கூடாது. அந்த நேரத்தில் ஈரம் குறைந்தால் பதர் விழும்.

தவறுவது எங்கே என்றால், முதலில் குழாய் வைக்கும் இடம். வரப்போரம் வைத்தால் அடுத்த வயலின் ஊற்றுநீர் உள்ளே புகுந்து பொய் சொல்லும். வயலுக்குள் இரண்டு மூன்று எட்டு தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத சராசரி இடத்தில் வைக்க வேண்டும். உழவுக்குக் கீழே இறுகிய அடிமண்ணைத் துளைத்துக் குழாயை இறக்கிவிட்டால் அந்த ஓட்டை வழியாகவே நீர் வடியும். களிமண் வயலில் வெடிப்பு விழும் வரை விட்டால், அடுத்த பாய்ச்சலில் பாதித் தண்ணீர் வெடிப்புக்குள் போய்விடும். மயிரிழை விரிசல் தெரிந்ததும் பாய்ச்சிவிட வேண்டும்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய பிழைகள். பெரிய தடை வேறு. வாய்க்கால் இல்லாமல் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும் இடங்களில் ஒருவர் மட்டும் காயவிட முடியாது. கீழ்வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் மேல்வயலில் நீர் நிற்க வேண்டும். கடைமடைக்காரருக்கோ முறை வரும்போது பிடித்து வைக்காவிட்டால் மறுமுறை வருமா என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானது. வாய்க்கால் தண்ணீரை மிச்சம் பிடித்தால் பையில் ஒரு ரூபாயும் சேராது என்பதும் உண்மை. ஆகவே தனி விவசாயியிடம் குழாயைக் கொடுத்துவிட்டுப் போனால் அது வரப்பில் கிடக்கும். ஒரு மடையில் பாயும் எல்லா வயலும் சேர்ந்து, இந்த நாளில் அடைப்போம் இந்த நாளில் திறப்போம் என்று முடிவெடுத்து, நீர்வளத்துறை அந்த நாளில் கட்டாயம் தண்ணீர் தந்தால்தான் நடக்கும்.

மிச்சமாகும் தண்ணீரை எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. வயலில் பாய்ந்த ஒரு மீட்டர் தண்ணீரும் செலவாகிவிடுவதில்லை. பயிர் குடித்து ஆவியாவது ஒரு பகுதி, மண்ணில் இறங்கி ஊற்றாக முல்லையாற்றிலும் வைகையிலும் திரும்பச் சேர்வது இன்னொரு பகுதி. மேலே கசிவைக் குறைத்தால் கீழே அந்த ஊற்றும் குறையும். அதனால் '30 சதவீதம் மிச்சம்' என்று வயலில் அளந்ததை அப்படியே வைகை அணைக்கு வந்து சேரும் தண்ணீராக எழுதக் கூடாது. மீத்தேன் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை, குறைந்தது குறைந்ததுதான்.

வைக்கோலை விற்காமல் வயலிலேயே மடக்கி உழுபவர்கள் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. இருபோக நிலத்தில் அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் இடைவெளி குறைவு. உழுது உடனே தண்ணீர் கட்டினால் சேற்றுக்குள் அழுகும் வைக்கோல் முழுதும் மீத்தேனுக்குத் தீனி. ஹெக்டேருக்கு ஐந்து டன் வைக்கோலை நடவுக்கு ஒரு மாதத்துக்குள் மடக்கினால் மீத்தேன் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதே அளவைக் கம்போஸ்டாக்கிப் போட்டால் ஒன்றரை மடங்குக்குள் நிற்கும். இயற்கை உரம் என்றாலே தடம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது, எப்போது போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வாய்க்கால் பாயாத மேட்டுநிலத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நெல் வைத்தால் கணக்கு வேறு. 30 மீட்டர் ஆழத்திலிருந்து 40 லட்சம் லிட்டரை மேலே தூக்க, இழப்பே இல்லாத மோட்டாருக்கு 327 யூனிட் போதும். நடைமுறையில் பழைய பம்புசெட்டுகள் பல 30 சதவீதத் திறனில்தான் ஓடுகின்றன. அப்போது 1,090 யூனிட், ஏறக்குறைய 785 கிலோ கரியமில வாயு. மீத்தேன் ஒரு டன்னுடன் இதையும் கூட்ட வேண்டும். திறனை 50 சதவீதமாக்கினால் 436 யூனிட் மிச்சம். அதற்கு எப்போதும் புது மோட்டார் வேண்டும் என்பதில்லை. கிணற்று மோட்டாரில் தேய்ந்த ஃபுட் வால்வை மாற்றுவது, கழுத்தை முறிக்கும் எல்போக்களை எடுத்து வளைவான பெண்டு போடுவது, தேவைக்கு மேல் உயரத்தில் ஊற்றும் வெளியேற்றுக் குழாயைத் தாழ்த்துவது ஆகியவற்றிலேயே கணிசமான வித்தியாசம் கிடைக்கும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மீட்டர் எண்ணைப் பார்க்கும் பழக்கம் இல்லை. குதிரைத்திறனை 0.746ஆல் பெருக்கி 0.8ஆல் வகுத்து, ஓடிய மணியால் பெருக்கினால் யூனிட் வந்துவிடும். ஐந்து எச்.பி. மோட்டார் ஒரு மணிக்கு 4.7 யூனிட்.

யூரியா 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. வாழை, காய்கறி நிலத்தில் அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த வாயு கரியமில வாயுவைவிட 273 மடங்கு கடுமையானது, ஆகவே அதில் சேரும் ஆக்சிஜனின் எடையையும் கூட்டினால் மூட்டைக்கு 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா மண்ணில் சிதையும்போது வெளிவருவது இன்னும் 33 கிலோ. தயாரிப்பில் எரிந்தது தனி. இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டையைப் பார்த்து ஒரு மூட்டையைக் குறைத்தால் மூன்று சிலிண்டர் எரிவாயுவுக்கு இணையான மிச்சம், செலவும் மிச்சம்.

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. திராட்சைக்கும் வாழைக்கும் அது நன்கு பொருந்தும். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழையை நட்டால் கிணற்றின் நீர்மட்டம் முன்னைவிட வேகமாக இறங்கும். நிலக்கரியை வைத்து ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே கவனித்த விளைவு இது: சிக்கனமான கருவி வந்தபின் மொத்தப் பயன்பாடு ஏறியது. சொட்டுநீர் போட்டபின் ஏக்கருக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், கிணற்றிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு எடுத்தோம் என்பதையும், கோடையில் கயிறு விட்டு அளந்த நீர்மட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்த ஜூனுக்குள் ஒரு மடையில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு, ஒரே ஒரு நோட்டுப் போதும். மடை திறந்த நாள், அடைத்த நாள், குழாய்க்குள் நீர் இறங்கிய ஆழம், போட்ட யூரியா மூட்டை, மோட்டார் ஓடிய மணி, வயலில் வைக்கோல் மடக்கிய தேதி, எடை போட்ட நெல். கடைசிப் பக்கத்தில் எந்த வியாபாரிக்கு எந்த ஊருக்கு விற்றது என்று எழுதுங்கள். முதல் போகத்தை வழக்கம்போல் விட்டு அளந்து, இரண்டாம் போகத்தில் அதே மடையின் பாதி வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பக்கத்துப் பாதியுடன் ஒப்பிட்டால், மழை கூடியதா குறைந்ததா என்ற குழப்பம் இல்லாமல் வித்தியாசம் தெரியும்.